முதுமையும் பாலியல் குற்றவாளிகளின் இடர் மதிப்பீடும்

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஆண், விடுதலையான பின் மீண்டும் அக்குற்றத்தைச் செய்ய எவ்வளவு வாய்ப்புள்ளது எனக் கணிப்பதே இடர் மதிப்பீடு. இக்கணிப்பில் வயதுக்கு எவ்வளவு எடை தருவது என்பது இன்றும் தீராத வாதம்.

வயது ஏற ஏறக் குற்றம் குறைகிறது என்பது பழைய செய்தி. பெல்ஜியப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெத்தலே, பிரெஞ்சு நீதிமன்றக் கணக்குகளைக் கொண்டு 1831இலேயே இதைக் காட்டினார். ஆயினும் பாலியல் குற்றவாளிகளுக்கென 1999இல் கார்ல் ஹான்சன், டேவிட் தார்ன்டன் ஆகியோர் உருவாக்கிய ‘ஸ்டாடிக்-99’ என்னும் அளவை வயதை ஒரே கோட்டால் பிரித்தது. 25 வயதுக்குக் கீழ் இருந்தால் ஒரு புள்ளி. மற்ற எல்லாருக்கும் சுழியம். 30 வயதுக்காரரும் 75 வயதுக்காரரும் அதன் கண்ணில் ஒன்றே!

2002இல் ஹான்சன் 4,673 குற்றவாளிகளின் விவரங்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். வயது வந்த பெண்களை வன்புணர்ந்தவர்களிடம் மறுகுற்றம் வயதோடு சீராக இறங்கியது. குடும்பத்துக்கு வெளியே உள்ள குழந்தைகளிடம் குற்றம் செய்தவர்களிடமோ ஐம்பது வயது வரை பெரிய இறக்கம் இல்லை. இத்தகைய ஆய்வுகளுக்குப் பின் அளவை திருத்தப்பட்டது. ‘ஸ்டாடிக்-99ஆர்’ என்ற புதிய வடிவில், விடுதலையாகும்போது 35 வயதுக்குக் கீழ் இருந்தால் ஒரு புள்ளி கூடும். 35 முதல் 39 வரை மாற்றமில்லை. 40 முதல் 59 வரை ஒரு புள்ளி குறையும். 60 வயதைக் கடந்தால் மூன்று புள்ளிகள் குறையும்.

மூன்று புள்ளி குறைவதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளல்ல. முந்தைய தண்டனைகள் பல உள்ளவர் அறுபதிலும் உயர்ந்த புள்ளியில் நிற்கக்கூடும். மேலும், மறுகுற்றம் என எண்ணப்படுவது வெளியே தெரியவந்த குற்றம் மட்டுமே. குழந்தை வாய் திறக்காத குற்றம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

இந்தியாவில் இக்கேள்வி முன்விடுதலைக் கோப்புகளில் எழுகிறது. லட்சுமண் நஸ்கர் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம், ஆயுள் கைதியை விடுவிக்கும் முன் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டது. குற்றம் மீண்டும் நிகழ வாய்ப்புண்டா, கைதி குற்றம் செய்யும் ஆற்றலை இழந்துவிட்டாரா என்பன அவற்றுள் இரண்டு. முதுமை நுழையும் வாசல் இதுவே. ஆனால் காந்தியடிகளின் 150ஆம் ஆண்டை ஒட்டி 2018இல் மத்திய அரசு அறிவித்த சிறப்புத் தண்டனைக் குறைப்பில், பாதித் தண்டனை முடித்த 60 வயது கடந்த ஆண்களுக்கு விடுதலை கிடைத்தபோதும், வன்புணர்வு, போக்சோ குற்றவாளிகள் விலக்கப்பட்டனர். சரியான முடிவு என்றே கருதுகிறேன். இடர் குறைந்தது என்பது வேறு, தண்டனை போதும் என்பது வேறு.

மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. இந்த அளவைகள் ஏற்கெனவே தண்டனை பெற்றவரைப் பற்றியவை. யார் மீதும் சந்தேகமே எழாத முதியவரைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. 2018இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் கைதான 17 பேரில் இருபதுகளில் இருந்தவர்களும் உண்டு, அறுபதை எட்டியவர்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டனர். தாய் தந்தை இருவரும் தறியில் உட்காரும் எங்கள் காஞ்சிபுரத்து வீடுகளில், “தாத்தா வயசுதானே” என்று அக்கம்பக்கத்தில் பிள்ளையை விட்டுச் செல்வது சாதாரணம்.

2013இல், எழுபதைக் கடந்த வயதில் செய்த குற்றத்துக்காக, சாமியார் ஆசாராமுக்கு ஜோத்பூர் நீதிமன்றம் 2018 ஏப்ரல் 25 அன்று ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் குஜராத் நீதிமன்றமும் வேறொரு வழக்கில் ஆயுள் தண்டனை அளித்தது. எண்பதைத் தாண்டிய அவருக்கு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உடல்நலம் கருதி இடைக்கால ஜாமீன் வழங்கியது; சீடர்களைக் கூட்டமாகச் சந்திக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.