கொற்கைக்கும் கடலுக்கும் நடுவே: பொருநை இட்ட மண்

கொற்கையில் இன்று கடல் இல்லை. வெற்றிவேல் அம்மன் கோயிலையொட்டிய குளக்கரையில் நின்றால் வயலும் வாழையும் பனையுமே தெரிகின்றன. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். சங்கப் புலவர்கள் முத்துக்காகப் பாடிய பாண்டியர் துறை இதுதான். கிரேக்க மாலுமிகளுக்கு வழிகாட்டிய பெரிப்ளூஸ் நூல், தண்டனை பெற்ற கைதிகள் இங்கே முத்துக் குளித்ததாகக் குறிக்கிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரிமக் காலக்கணிப்பு கி.மு. 785.

இந்தத் துறைமுகம் ஏன் அழிந்தது என்று கேட்டால், "கடல் பின்வாங்கிவிட்டது" என்பதே வழக்கமான விடை. நடந்ததை இது தலைகீழாகச் சொல்கிறது என்பது என் கருத்து. கடல் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. நிலம்தான் அதை நோக்கி நடந்து போயிற்று.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. கொற்கைக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்குள் திருச்செந்தூர் இருக்கிறது. சங்க காலத்தில் அதன் பெயர் அலைவாய். இன்றும் கோயில் வாசலுக்கு எதிரே அலை அடிக்கிறது. அண்மை ஆண்டுகளில் கரையை அரிக்கவும் செய்கிறது. கடல்மட்டம் தாழ்ந்ததுதான் காரணம் என்றால் அலைவாயும் கொற்கையைப் போலவே உள்நாட்டு ஊராகியிருக்க வேண்டும். கடல்மட்டம் சில ஆயிரம் ஆண்டுகளில் சற்றே ஏறி இறங்கியதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே கரையில் ஓர் ஊரை விட்டுவிட்டு இன்னோர் ஊரை மட்டும் கரையேற்றிய காரணம் வேறாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காரணம் சங்க நூல்கள் பொருநை என்று அழைத்த தாமிரபரணி.

ஆற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். ஆனால் அது பிறக்கும் பொதிகை மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழைநீர் பாறை விரிசல்களில் இறங்கி, பாறையிலுள்ள கனிமங்களில் ஒரு பகுதியை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. மக்காத படிகக்கல் மணலாக உதிர்கிறது. மலையில் வேகமாக ஓடும் நீர் இரண்டையும் அள்ளிக்கொண்டு வருகிறது. சமவெளியில் வேகம் குறைந்ததும் பருமணல் முதலில் தங்கிவிடும். மென்வண்டல் கழிமுகம் வரை போய், கடல்நீரைத் தொட்டதும் படியும். மன்னார் வளைகுடாவுக்குக் கிழக்கே இலங்கை மறைப்பாக நிற்பதால் பெருங்கடல் அலையின் முழு வேகமும் இங்கே எட்டுவதில்லை. ஆகவே படிந்த மண் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது.

இந்த வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடப்பதும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்தபின் நெல்வயலிலும் வாழைத்தோட்டத்திலும் மணலும் சேறும் படிந்து கிடந்தன. அந்த விவசாயிகளுக்கு அது பேரிழப்பு. கொற்கையின் வாயை அடைத்த மண்ணும் இப்படிப்பட்ட வெள்ளங்களில்தான் படலம் படலமாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் மொழியறிஞர் கால்டுவெல் கொற்கையில் தோண்டிப் பார்த்தபோது வண்டலுக்கு அடியில் கடற்கிளிஞ்சல்கள் கிடைத்தன. கொற்கை தூர்ந்ததற்கு ஆற்று மண்ணே காரணம் என்று அவரும் எழுதினார். ஆனால் அவருக்கு நெடுங்காலம் முன்பே இந்த வரலாற்றை ஊர்ப்பெயர்கள் குறித்து வைத்திருந்தன. காயல் என்றால் கடலையொட்டித் தேங்கும் உப்பங்கழி. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என மூன்று ஊர்கள் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆறும் அலையும் சேர்த்துக் குவித்த மணல்திட்டுக்குப் பின்னே நீர் தேங்கிக் காயலாகும். காயல் தூர்ந்து சேறாகும். பின்னர் அதுவே வயலாகவோ உப்பளமாகவோ மாறும்.

வணிகர்கள் நீரைத் தேடி நகர்ந்தார்கள். கொற்கைக்குப் பிறகு காயல், அதாவது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைக் கண்டபோது ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்துகொண்டிருந்தன. பழையகாயலைச் சுற்றிய மணல்வெளியில் சீனப் பீங்கான் சில்லுகளையும் அரபுநாட்டுப் பானையோடுகளையும் கால்டுவெல் பொறுக்கினார். பிறகு அந்த ஊரும் கடலைவிட்டு உள்வாங்கியது. போர்த்துக்கீசியர் காலத்தில் ஆற்றுவாயில் இருந்த புன்னைக்காயல் தலையெடுத்தது. அதற்கும் பின்பு வணிகம் ஆற்றுவாயையே விட்டு விலகி, வடக்கே தீவுகளின் மறைவில் கிடந்த தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

தூத்துக்குடிக்கு அரணாக நின்ற தீவுகள் பவளப் பூச்சிகள் கட்டிய திட்டுகளின்மேல் அமைந்தவை. சுண்ணாம்புக்காகப் பவளத்தை மனிதர் வெட்டி எடுத்தபின், அவற்றில் ஒன்றான விலாங்குசல்லி நீருக்குள் மூழ்கிவிட்டது. ஆற்றிலும் நிலைமை மாறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணையில் வண்டல் மேடு தட்டி, தூர்வார வேண்டும் என்று விவசாயிகள் பல ஆண்டுகள் போராடினார்கள். ஒரு காலத்தில் கொற்கைக்கு முன்னே போய்ப் படிந்திருக்கக்கூடிய மண்ணில் ஒரு பகுதி இப்போது அந்த அணைக்குள் கிடக்கிறது.