வேலியும் பூட்டும்

உப்பும் மீனும் தென்னையுமே புத்தளக் கரையோர மக்களுக்கு நெடுங்காலம் தொழில் தந்தன. உப்பு வாருபவரின் கை ஓய்ந்தால் மண்வெட்டியும் ஓய்ந்துவிடும். பின்பு பாலாவியிற் சீமெந்தாலை எழுந்தது. 2011இல் நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்று ஆற்றல் பெற்றது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து தோணிகளில் வரும் நிலக்கரியை இயந்திரப் பட்டிகளே உள்ளே சுமந்து செல்கின்றன.

இலங்கைத் தொழிலாளரைக் காக்கும் அடிப்படைச் சட்டம், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமாகும். சுழலும் சில்லுகளுக்கு வேலியிடுமாறு அது பணித்தது. 1844இல் ஆங்கிலேயர் தம் நெசவாலைகளுக்கு வகுத்த நெறியின் வழிவந்தது அது. ஓடும் சில்லைக் கண்டு யாரும் அஞ்சுவர். தானியங்கிப் பொறியிலோ, ஓடாது கிடக்கும் பட்டியே கொடியது. தொலைவிலுள்ள கட்டுப்பாட்டறையில் ஓர் ஆணை பிறந்தால், அருகில் நிற்பவரைக் கேளாமலே அது புறப்பட்டுவிடும்.

ஆதலால், பழுதுபார்க்கப் புகுபவர் மின் ஆளியை நிறுத்திப் பூட்டி, திறவுகோலைத் தம் மடியிலேயே வைத்துக்கொள்ளும் முறை உலகெங்கும் பரவிற்று. மேலாளரிடம் அதனை ஒப்படைத்தல் மரியாதையாகத் தோன்றலாம். உண்மையில் அது பெரும்பிழை. பலர் புகுந்தாற் பூட்டுகளும் பல. கடைசி மனிதர் வெளியேறித் தம் பூட்டைக் கழற்றும்வரை பட்டி அசையாது.