இரட்டைக் குழல் துப்பாக்கியின் வயது

பேராக் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்த பாகான் டத்தோ வட்டாரம் தென்னைக்குப் பேர்போனது. காய்களைத் துளைக்கும் அணிலையும் கன்றுகளைப் பெயர்க்கும் பன்றியையும் சுடத் துரைமார் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தனர். பழந்துப்பாக்கி ஒன்றைக் கண்டால், "தோட்டம் திறந்த துரை கொண்டுவந்தது" என்று சொல்லிவிடுதல் எளிது. அருகிலுள்ள ஜெண்டராட்டாவில் டேனியரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தோட்டத் தொழிலைத் தொடங்கியது 1906இல். ஆங்குள்ள துப்பாக்கி ஒன்றைப் பற்றி அவ்வாறு கூறப்படுமாயின், அது மெய்யா என்பதைத் துப்பாக்கியே சொல்லும்.

மேலே பொறித்த பெயரை உடனே நம்பலாகாது. அது செய்தவன் பெயராகவும் இருக்கலாம். விற்ற கடைக்காரன் பெயராகவும் இருக்கலாம். பெல்ஜியத்து லியேஜ் நகரத் துப்பாக்கிகள் பல, ஆங்கிலப் பெயர் போன்ற பெயர்களைத் தாங்கி விற்கப்பட்டன. குழலின் அடியில் முட்டை வடிவத்துள் ஈ.எல்.ஜி. என்னும் எழுத்துகள் இருப்பின் அது லியேஜ் சரக்கே. அதன்மேல் முடி இருப்பின் 1893க்குப் பிற்பட்டது.

அமைப்பும் ஓரளவு உதவும். சுத்தி வெளியே தெரியாமல் உள்ளடங்கிய ஆன்சன்-டீலி பொறி 1875இல் தோன்றியது. ஆதலின் அப்பொறியுடையது அதற்கு முற்பட்டதன்று. ஆனால் வெளிச்சுத்தித் துப்பாக்கிகள் அதன்பின்னும் நெடுங்காலம் செய்யப்பட்டமையால், சுத்தி தெரிகிறதென்று பழமை கொண்டாட இடமில்லை. பலர் தவறுவது இவ்விடத்தேதான்.

உறுதியான சான்று பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரைகளே. 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்றது அச்சாலை. குழல்களைக் கழற்றி அடிப்புறம் நோக்குக. முடியின்கீழ்க் குறுக்கிட்ட செங்கோல்கள் இருப்பின் 1904க்கு முற்பட்டது, முடியின்கீழ் பி.பி., பி.வி. என்னும் எழுத்துகள் இருப்பின் அதற்குப் பிற்பட்டது. சாய்சதுரத்துள் 12, சி. என்பன 1887 முதல் வந்தவை. தோட்டா அறையின் நீளமும் உடன் குறிக்கப்பட்டிருப்பின் 1925க்குப் பிற்பட்டது. 1906ஆம் ஆண்டுத் துரையின் கை அதைத் தொட்டிருக்க வழியில்லை. மறுசோதனை செய்த பழங்குழலிலும் புதுமுத்திரை ஏறலாமாதலின், எல்லா முத்திரைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இஃது ஆராய்ச்சி இன்பத்துக்கு மட்டும் உரியதன்று. இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல்களுட் பல கருமருந்துக்கே சோதிக்கப்பட்டவை. என்.பி. முத்திரை இல்லாத குழலில் புகையில்லா மருந்துத் தோட்டாவை இட்டால் குழல் வெடித்துச் சுடுபவனின் இடக்கை போகலாம். மேலும், மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பழைய பரணிலோ பெட்டியிலோ ஒன்று கிடைத்தால் போலீசுக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். முத்திரையைப் படிப்பது அதன் பின்னரே.