திரைக்குப் பின்னுள்ள விளக்கு: கணினிப் பின்னொளியின் வரலாறு, எடப்புளி நாட்டை முன்வைத்து

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்று எடப்புளி நாடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் செல்லும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. இத்தகைய நிலத்தில் ஒரு திரையின் பயன்பாட்டை அதன் எடையும் அது கேட்கும் மின்சாரமும் முடிவு செய்கின்றன. தட்டைத்திரையைப் பொறுத்தவரை, மின்சாரத்தின் பெரும்பங்கு படத்தை உருவாக்குவதில் செலவாவதில்லை. படத்திற்குப் பின்னால் எரியும் விளக்கிலேயே செலவாகிறது. கணினி வரலாறு எழுதுவோர் இவ்விளக்கைப் பெரிதும் கண்டுகொள்வதில்லை.

தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தையும், 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்க்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தையும் தொடங்கியது. இரண்டும் அண்ணா பிறந்தநாளிலேயே தொடங்கப்பெற்றன. முன்னது 14 அங்குலக் கண்ணாடிக் குழாய்த் திரை. அது தானே ஒளிர்வதால் பின்னொளி வேண்டாதது. பின்னதன் திரைக்குப் பின்னொளி இன்றியமையாதது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில்தான் பின்னொளியின் தலைமுறை மாற்றம் உலகெங்கும் நடந்தேறியது.

நீர்மப் படிகம் ஒளியை உமிழாது. திறந்து மூடும் கதவுபோல் ஒளியை விடவோ தடுக்கவோ மட்டும் செய்யும். முனைவாக்கிகளும் வண்ண வடிகட்டிகளும் விழுங்கியது போக, விளக்கின் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பார்ப்பவர் கண்ணை அடைகிறது. ஆகவே விளக்கில் செய்யப்படும் சிறு சிக்கனமும் மின்கலத்தில் பெரிதாகத் தெரியும். தொடக்கத்தில் இப்பணியைச் செய்தது குளிர் எதிர்முனை ஒளிர்விளக்கு. பென்சிலினும் மெல்லிய அக்குழாயை ஏற்ற ஆயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். அதற்கெனத் தனி மின்மாற்றுச் சுற்றும் வேண்டும். குழாயினுள் பாதரசமும் இருந்தது.

2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் இடத்திற்குப் பல நுட்பங்கள் போட்டியிட்டன: தட்டையான ஒளிர்விளக்கு, கார்பன் நானோகுழாய்களால் எலக்ட்ரானை உமிழச் செய்யும் பலகை, சிவப்பு பச்சை நீலம் என மூவகை எல்.இ.டி.களின் கூட்டு. மூன்றாவதைச் சோனி 2004இல் தொலைக்காட்சியிலும், என்இசி அடுத்து உயர்விலைக் கணினித் திரையிலும் கையாண்டன. நிறம் சிறந்தது, விலை தாங்கவில்லை. வென்றதோ நிறத்தில் இவற்றினும் எளிய வெண் எல்.இ.டி. நிச்சியா நிறுவனத்தில் சுஜி நகமுரா 1993இல் பொலிவுமிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியிருந்தார். அதன்மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசி 1996இல் வெள்ளொளி பெறப்பட்டது. திரையின் ஓரத்தில் இவற்றை வரிசையாக வைத்து, ஒளியை ஒரு நெகிழித் தட்டின் வழியே பரப்பினால் போதும்.

பாதரசத்தைத் தவிர்க்கும் நோக்குடன் ஆப்பிள் 2007 ஜூனில் இவ்வகைத் திரையை மேக்புக் ப்ரோவில் கொண்டுவந்தது. அதே ஆண்டு, 'குழந்தைக்கொரு மடிக்கணினி' இயக்கத்தின் எக்ஸ்ஓ கணினியில் மேரி லூ ஜெப்சன் இன்னும் துணிந்த வழியைக் காட்டினார்: பின்னொளியை அணைத்துவிட்டு, வெயிலொளியிலேயே கறுப்பு வெள்ளையாகப் படிக்கலாம். மின்கம்பி உறுதியாக எட்டாத ஊர்களைக் கருதியே செய்யப்பட்ட திரை அது. இந்திய அரசின் கல்வித்துறை இத்திட்டத்தை 2006இலேயே மறுத்துவிட்டது. மலையூர்களுக்குப் பொருந்தியிருக்கக்கூடிய ஒரு வடிவமைப்பு, விலை பற்றியும் கல்விமுறை பற்றியும் எழுந்த விவாதத்தில் கவனிக்கப்படாமல் போனதென்றே கொள்ளலாம்.

எல்காட் வழியாக மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிய 2011இல், சந்தையிலிருந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவை வெண் எல்.இ.டி.க்கு மாறிவிட்டன. அடுத்த ஆண்டே தமிழகம் கடும் மின்வெட்டைச் சந்தித்தது. மின்சாரம் நின்றதும் குழாய்த் தொலைக்காட்சி இருண்டது. மடிக்கணினி மின்கலம் தீரும்வரை ஒளிர்ந்தது. எடப்புளி நாட்டு மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் அத்திரை ஒன்றே. அதன் தேவை ஒன்றன்று.

சந்தை மொழி மற்றொரு மாற்றத்தையும் செய்தது. வெண் எல்.இ.டி. வந்தபின் கடைகள் நீர்மப் படிகத்தின் பெயரை விட்டு, திரையையே 'எல்.இ.டி.' என்றழைத்தன. படத்தை ஆக்குவது இன்றும் படிகமே. நீல ஒளியைத் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றும் குவாண்டம் புள்ளிகள் 2013இல் தொலைக்காட்சிக்கு வந்தன. 2019இல் ஆப்பிளின் 32 அங்குலக் கணினித்திரை, தனித்தனியே மங்கச் செய்யத்தக்க 576 நீல எல்.இ.டி.களைக் கொண்டிருந்தது. அன்று விலையால் பின்தங்கிய நிறச்செழுமை இவ்வாறு வேறு வழியில் மீண்டது.

பழைய விளக்குகள் இன்னும் முற்றிலும் மறையவில்லை. மின்னணுக் கழிவு பற்றிய இந்திய விதிகள் 2012 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பாதரசக் குழாய்களைக் கொண்ட அலுவலகத் திரைகள் ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்தன. அவற்றைப் பிரிக்கும் கைகளில் முதலில் உடைவது அந்த மெல்லிய குழாயே.