குந்தவையின் ஆணையும் நந்தினியின் வாளும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பற்றிப் பேச்சு எழும் அவைகளில் நந்தினியின் பெயர் வந்தவுடன் நாகம், நஞ்சு, சூழ்ச்சி என்னும் சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன. குந்தவையின் பெயர் வந்தாலோ குரல்கள் குழைந்துவிடுகின்றன. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை வெளிவந்த அத்தொடரின் வாசகர்கள் அன்று அளித்த தீர்ப்பு, 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அது திரைப்படமாக வந்தபோதும் பெரிதும் மாறவில்லை. ஆயினும், நடுநின்று நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. சுற்றியிருப்போரைத் தன் எண்ணப்படியே இயக்கும் ஆதிக்க இயல்பு இவ்விருவரிடத்தும் ஒத்த அளவில் உள்ளது. அஃது ஒருத்தியிடம் பெருமையாகவும் மற்றொருத்தியிடம் கொடுமையாகவும் தோன்றுவது எதனால்?

நாவலில் வரும் குந்தவையை முதலில் காண்போம். பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டிற்கு மணமகளாகச் செல்வதில்லை என்று அவள் தானே முடிவு செய்துகொள்கிறாள். பேரரசரான தந்தையும் அதனை மறுப்பதில்லை. தம்பிக்கு உரிய மணப்பெண் இன்னாள் என்று தேர்ந்தெடுப்பவளும் அவளே. கொடும்பாளூர் வானதியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அவளுடைய அச்சத்தை மாற்றுவதற்காக அரிசிலாற்றங்கரையில் பாடம் செய்த முதலையைக் கிடத்தி விளையாட்டுக் காட்டுகிறாள். படிக்கும்போது நகைக்கிறோம். ஆனால், மயங்கி விழும் இயல்புடைய ஒரு பெண்ணைத் தான் கருதிய வடிவில் வார்த்தெடுக்கும் கை அது. ஈழத்துப் போர்க்களத்தில் நிற்கும் தம்பிக்கு ஓலை போகிறது. அவன் புறப்பட்டு வருகிறான். வந்தியத்தேவனோ அவள் கண்ணசைவிற்கே கடல் கடக்கிறான். அன்பு என்னும் உறை போர்த்திய அதிகாரம் என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

நந்தினியிடம் அந்த உறை இல்லை. அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய பெரிய பழுவேட்டரையரை அவள் ஆட்டிவைக்கிறாள். அவளுடைய மூடுபல்லக்கு மதுராந்தகனை மறைத்துச் செல்லும் கருவியாகிறது. பழுவேட்டரையரின் காவலிலுள்ள பொற்காசுகள் பாண்டிய ஆபத்துதவிகளின் கைக்குப் போகின்றன. அரண்மனையில் பழகியும் அரண்மனைக்கு உரியவளாகாதவள் அவள். வைகைக் கரையில் வீரபாண்டியனின் உயிருக்காகக் கரிகாலனிடம் இரந்தும் பெறாதவள். குந்தவைக்குக் குடிப்பிறப்பு கொடுத்த ஆணையை, இவள் அழகையும் சூழ்ச்சியையும் கொண்டே ஈட்ட வேண்டியிருந்தது. வழி வேறாயிற்று, வேட்கை வேறன்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். நந்தினி கல்வெட்டிலோ செப்பேட்டிலோ இல்லை; அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. குந்தவையோ கல்லில் நிற்பவள். வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகிய அவள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன்னும் அணிகலனும் செப்புத் திருமேனிகளும் ஈந்தாள். தன் தந்தை சுந்தர சோழர்க்கும் தாய் வானவன்மாதேவிக்கும் அங்கே படிமம் எடுப்பித்தாள். அத்தாய் கணவனோடு உடன்கட்டை ஏறியவள் என்பதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் மட்டுமன்றிச் சமணர்க்கும் கோயில் எடுத்தவள் குந்தவை. தந்தை பெயரால் தஞ்சையில் அமைந்த ஆதுலர் சாலைக்கு நிலம் விட்டவளும் அவளே. எல்லாவற்றிலும் சிறந்த சான்று பெரிய கோயிலில் உள்ளது. கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்ட இராசராசன் முதலில் தன் கொடைகளையும், அடுத்துத் தமக்கையின் கொடைகளையும், அதற்குப் பின்னரே தேவியர் கொடைகளையும் குறிப்பிடுகிறான். பட்டத்தரசிக்கும் முன்னதாகத் தமக்கை! தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டவன் அவன். ஆதலின் நாவலிற் காணும் இளையபிராட்டியின் ஆட்சி வெறுங் கற்பனையன்று.

பினாங்கு வாசகர்க்கு இவ்விடத்தில் தனிச் சுவை ஒன்றுண்டு. காய்ச்சலுற்ற அருள்மொழி மறைந்திருக்கும் நாகைச் சூடாமணி விகாரத்திற்கும் நம் பக்கத்துக் கடாரத்திற்கும் தொடர்பு உண்டு. அவ்விகாரம் கடாரத்து அரசன் மாரவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் எடுப்பித்தது. அதற்கு இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை விட்டதை லெய்டன் செப்பேடு கூறும். சுந்தர சோழர் காலத்துக்கு அது ஏறத்தாழ 30 ஆண்டு பிந்தியது. கல்கி அதனை முன்னிழுத்துக் கொண்டார். கதைக்காக இத்தகைய இடமாற்றம் செய்யத் தயங்காதவர் அவர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம். ஏனெனில், இதனினும் பெரிய இடமாற்றம் ஒன்று நாவலின் நடுவே உள்ளது.

ஆதித்த கரிகாலன் கொலையுண்டது மெய். அக்கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோருடைய நிலங்களும் உறவினர் நிலங்களும் பறிமுதலானதை, இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. இவர்கள் பிரமாதிராசன் போன்ற பட்டம் தாங்கிய அரசு அலுவலர் குடியினர். கொலைக்குப் பின் பட்டமெய்திய உத்தம சோழன், 985 வரை நீண்ட தன் ஆட்சியில், இவர்களைத் தண்டிக்காதது ஏன் என்று கேட்டு அவன்மீதே ஐயுற்றார் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அக்கருத்தை மறுத்தார். அறிஞர் இருவரின் வழக்கிலும் ஐயத்திற்கு உரியவர்கள் ஆடவரே. பெண் ஒருத்தியும் கூண்டில் ஏற்றப்படவில்லை.

கல்கியோ, உத்தமனைக் குற்றத்தினின்று விடுவித்தார். மதுராந்தகன் என வளர்ந்தவன் வேறு, அரியணை ஏறிய சேந்தன் அமுதன் வேறு என்று ஆள்மாறாட்டம் அமைத்து, செம்பியன் மாதேவியின் திருமகன்மீது பழி படாமற் காத்தார். விடுவித்த பழி எங்கே போயிற்று? கல்வெட்டில் இல்லாத ஒரு பெண்ணின் தோளில் ஏறிற்று. மீன் பொறித்த வாளை அவள் கையில் கொடுத்தவர் ஆசிரியர். ஆயினும் அவரும் முடிவில் தயங்கினார் என்றே தோன்றுகிறது. கடம்பூர் மாளிகையின் இருளில் கரிகாலன் உயிரை எந்தக் கை போக்கியது என்பதைத் தெளிவாகச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

அவ்விருளில் குந்தவையின் ஆதிக்கமும் தோற்றது என்பதை வாசகர் பலர் கருதுவதில்லை. தமையன் கடம்பூர் செல்லலாகாது என்று தூது விடுத்தவள் அவள். நந்தினி நமக்கு உடன்பிறந்தாள் ஆவாள் என்று, அன்று தானும் மெய்யெனவே நம்பிய செய்தியையும் சொல்லி அனுப்பினாள். ஓலைக்கு இலங்கையிலிருந்து வந்த தம்பியைப் போலத் தமையன் கேட்கவில்லை. எல்லாரையும் இயக்கிய கை, இயக்க வேண்டிய ஒருவனிடத்தில் செயலற்றுப் போயிற்று. நந்தினியும் தான் தேடியதைப் பெற்றாளில்லை. பழி தீர்ந்த இரவிலேயே அவளுடைய ஆட்சியும் முடிந்தது. பழுவூர் முதியவர் அவள்பொருட்டு நெஞ்சு உடைந்தார். பழையாறைப் பிராட்டியோ பல்லாண்டு வாழ்ந்து, தம்பி மகன் இராசேந்திரன் காலத்திலும் பழையாறை அரண்மனையிலிருந்து அறம் செய்துகொண்டிருந்தாள். கொடைகளைக் கணக்கிட்டு எழுதக் கல்தச்சர் இருந்தனர். நந்தினிக்காக எழுதக் கல்கி ஒருவரே இருந்தார்.