பின்வாசல் வழியே வந்த டி.சி. மின்சாரம்

ஆடித்தபசு நாட்களில் சங்கரன்கோவில் வீதிகளில் தொங்கும் வண்ண விளக்குகளில் பல, இன்று எல்.இ.டி. பட்டைகள். அவற்றின் மேல் மூன்று விளக்குக்கு ஒருமுறை ஒரு சிறு கத்தரிக் குறி இருக்கும். அந்த இடத்தில் வெட்டினால் பட்டைக்கு ஒன்றும் ஆகாது. இடம் தவறினால் அந்தத் துண்டு எரியாது. ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. மூன்றை வரிசையாகக் கோத்து, கூடவே ஒரு மின்தடையையும் சேர்த்தால் 12 வோல்ட்டுக்குக் கணக்கு சரியாகிவிடும். பந்தல் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த ஒரு தகரப்பெட்டி, தெருக்கம்பியில் வரும் 230 வோல்ட் ஏ.சி.யை (மாறுதிசை மின்னோட்டத்தை) 12 வோல்ட் டி.சி.யாக (நேர்திசை மின்னோட்டமாக) மாற்றிக் கொடுக்கிறது. ஊருக்குள் வருவது ஏ.சி., ஒளியாவது டி.சி. இந்த இரட்டை ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால், தென்தமிழ்நாட்டின் மின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் திறக்கிறது.

மின்சாரம் தொழிலானபோது முதலில் இருந்தது டி.சி.தான். 1882 செப்டம்பரில் எடிசன் நியூயார்க்கில் தொடங்கிய நிலையம் 110 வோல்ட் டி.சி. கொடுத்தது. சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கிய டிராமும் டி.சி.யில்தான் ஓடியது. ஆனால் அன்று டி.சி.யின் வோல்ட்டை ஏற்றி இறக்க எளிய வழி இல்லை. ஏ.சி.க்கு மின்மாற்றி இருந்தது. வோல்ட்டை ஏற்றினால் அதே திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம், கம்பியில் வீணாவது குறையும். மலையில் பிறக்கும் மின்சாரம் சமவெளிக்கு வர இதுதான் வழி. பைக்காரா 1932-இலும், மேட்டூர் 1937-இலும், தாமிரபரணிக் கரையில் பாபநாசம் 1944-இலும் மின்சாரம் தரத் தொடங்கியபோது, வந்தது ஏ.சி.தான்.

நெல்லைச் சீமைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. கிணற்றுப் பாசன மோட்டாருக்கும், பின்னாளில் சங்கரன்கோவில் தெருக்களில் இரைச்சலிட்ட விசைத்தறிக்கும் ஏ.சி. மோட்டாரைப்போல முரட்டுத்தனமான, மலிவான, பழுது பார்க்க எளிதான வேலைக்காரன் கிடையாது. ஏ.சி.யின் வெற்றியை எடிசனுக்கும் ஏ.சி. பக்கம் நின்ற வெஸ்டிங்ஹவுஸுக்கும் நடந்த சண்டையாக மட்டும் சொல்வது அரைக் கதை. நம் பக்கத்தில் அதை நிலைநிறுத்தியவை பம்புசெட்டும் தறியும்தான்.

டி.சி. அப்போதும் ஊரை விட்டுப் போய்விடவில்லை. தொலைபேசி நிலையத்துக்குள் இருந்தது. உலகெங்கும் தொலைபேசி நிலையங்கள் 48 வோல்ட் பேட்டரி வரிசையில் இயங்கின. சந்தாதாரர் வீட்டுக்கு வரும் மெல்லிய செப்புக் கம்பி இணையிலும் அந்த டி.சி.யே ஓடியது. தெரு முழுக்க கரண்ட் போயிருந்தாலும் பழைய லேண்ட்லைன் மணியடித்ததன் ரகசியம் இதுதான். 48 என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல. நான்கு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் 48. நல்ல தூரம் செல்லும். அதே சமயம் தொட்டால் உயிருக்கு ஆபத்தில்லாத எல்லைக்குள் அடங்கும். டி.சி. ஊரில் தங்கிய மற்ற வழிகள், பேட்டரியில் இயங்கிய டார்ச் லைட்டும் டிரான்சிஸ்டர் ரேடியோவும். 1990-களின் முதல் பாதியில், மின்சாரமும் பேட்டரியும் மறுக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். சிறு மின்கருவிக்கு எவ்வளவு குறைந்த மின்சாரம் போதும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

அடுத்த திருப்பம் மின்வெட்டால் வந்தது. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பற்றாக்குறை முற்றியது. 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், பிற மாவட்டங்களில் 12 மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. தறிகள் நின்றன, வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் ஏறியது. தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் இன்வெர்ட்டர் ஒரு சுற்றுவழி. லைனில் வரும் ஏ.சி.யை டி.சி.யாக்கிப் பேட்டரியில் ஏற்றுகிறது. கரண்ட் போனதும் அதை மறுபடி ஏ.சி.யாக்குகிறது. அந்த ஏ.சி.யை எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் சிறு பலகை மீண்டும் டி.சி.யாக்குகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் 10 முதல் 15 சதவீதம் வரை வெப்பமாகப் போகலாம். எரியாமல் போன எல்.இ.டி. பல்பைப் பிரித்துப் பார்த்தால், ஒளி தரும் சில்லைவிட அந்தப் பலகையிலுள்ள கெப்பாசிட்டரே பெரும்பாலும் முதலில் உப்பிப்போயிருக்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இந்தச் சுற்றுவழியைத்தான் குறிவைத்தது. இவர்கள் தொலைத்தொடர்பிலிருந்து வந்தவர்கள். 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பை உருவாக்கியவர்கள். தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் வீட்டுக்குள் குடியேறியது அந்தப் பழக்கத்தால்தான் என்று கருத இடமுண்டு. அவர்களுடைய திட்டத்தில் வீட்டுக்கு இரண்டு இணைப்புகள். ஒன்று வழக்கமான 230 வோல்ட் ஏ.சி.; மற்றது 100 வாட் அளவுக்கு மட்டும் 48 வோல்ட் டி.சி. பற்றாக்குறை வரும்போது தெருவை முழு இருட்டாக்காமல், துணைமின் நிலையம் வோல்ட்டை வேண்டுமென்றே தாழ்த்தும். வீட்டிலுள்ள பெட்டி அந்தத் தாழ்வைச் சைகையாக எடுத்துக்கொண்டு ஏ.சி.யைத் துண்டிக்கும், டி.சி. மட்டும் ஓடும். கிரைண்டரும் ஹீட்டரும் நிற்கும்; விளக்கும் மின்விசிறியும் செல்போன் சார்ஜரும் நிற்காது. ராஜஸ்தானின் ஜோத்பூர், ஜெய்சால்மர் பாலைவனப் பகுதிகளில், ஐ.ஐ.டி.யில் வளர்ந்த சிக்னி நிறுவனம் ஏறத்தாழ 4,000 வீடுகளில் 125 வாட் சூரியத் தகடும் ஒரு சிறு பேட்டரியும் வைத்து இதன் 48 வோல்ட் டி.சி. பகுதியை நடத்திக் காட்டியது. 48 வோல்ட் பகிர்மானத்துக்கான வழிகாட்டுநெறியை ஐ.எஸ். 16711 என்ற எண்ணில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2017-இல் வெளியிட்டது.

பந்தல் விளக்கு 12 வோல்ட்டில் எரியும்போது வீட்டுக்கு மட்டும் ஏன் 48? முன்வாசலிலிருந்து புழக்கடை வரை 20 மீட்டர் நீளும் ஒரு வீட்டைக் கணக்கில் கொள்வோம். போக வர 40 மீட்டர் செப்புக் கம்பி, குறுக்குவெட்டுப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.7 ஓம். பின்கட்டில் 60 வாட் தேவை. 12 வோல்ட்டில் அதற்கு 5 ஆம்பியர் ஓட வேண்டும், வழியிலேயே 3.5 வோல்ட் தொலையும், 17 வாட்டுக்கு மேல் கம்பியைச் சுட வைக்கும். 48 வோல்ட்டில் 1.25 ஆம்பியர் போதும். இழப்பு 1 வாட்டுக்குச் சற்று மேல். சூரிய விளக்கு கடையில் பளிச்சென்று எரிந்து, வீட்டுப் பின்கட்டில் மங்குவதற்கு விளக்கைக் குறை சொல்வதில் பயனில்லை, கம்பியைப் பார்க்க வேண்டும்.

சுவிட்சும் கவனிக்க வேண்டிய ஒன்று. 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி தானே அவியும். டி.சி.யில் அந்த இடைவெளி இல்லை. ஏ.சி.க்கான சுவிட்சை டி.சி.யில் மாட்டினால் முனைகள் விரைவில் கருகும்.

தமிழ்நாட்டு அரசும் இதே காலத்தில் ஒரு பெரும் சோதனையில் இறங்கியது, அதைச் சோதனை என்று யாரும் அழைக்காவிட்டாலும். 2011-12-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்ற இலக்கோடு 300 சதுர அடி வீடுகளைக் கட்டியது. ஒரு வீட்டுக்கு முதலில் ஒதுக்கிய 1.80 லட்சம் ரூபாயில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, திண்ணை என ஐந்து விளக்குகள், தொடக்கத்தில் சி.எஃப்.எல். ஐந்தே விளக்கு என்பதுதான் அதன் குறை. மின்விசிறிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சித்திரை வெயிலில் விளக்கு மட்டும் எரியும் வீட்டில் யார் உறங்குவது? ஆக, குடியிருப்பவர் ஏ.சி. இணைப்பையே நாடினார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும் காலம் தவறாமல் மாற்றவும் ஆளும் பணமும் வேண்டும் என்பது வேறு.

2015-க்குப் பின் மாநிலத்தில் மின்வெட்டு வெகுவாகக் குறைந்தது. 2016 மே மாதம், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற அறிவிப்பு வந்தது. 48 வோல்ட் கம்பியின் பரவலைத் தமிழகத்தில் தடுத்தவை இவ்விரண்டும்தான் என்பது இக்கட்டுரையின் முடிவு. மின்சாரம் போகாத, பில்லும் வராத சிறு வீட்டில் இரண்டாவது ஒயரிங் எதற்கு?

கம்பியாக வர முடியாத டி.சி., கருவியாக உள்ளே வந்துவிட்டது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகளை நாடெங்கும் சேர்த்தது. அடுத்து வந்தது பி.எல்.டி.சி. (தூரிகையில்லா டி.சி. மோட்டார்) மின்விசிறி. 75 வாட் பழைய மின்விசிறி நாளுக்கு 12 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இலவச 100-இல் பாதிக்கு மேல் அதற்கே போகும். 28 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 20 யூனிட். அதன் மோட்டார் அடிப்படையில் டி.சி.க்காரன், ஏ.சி. வீட்டில் பிழைப்பதற்காக மாற்றிப் பலகை ஒன்றைச் சுமந்து திரிகிறது. டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம், லேப்டாப் எல்லாம் அதே நிலை. 2021-இல் திருத்தப்பட்ட யு.எஸ்.பி. சி விதிமுறை 48 வோல்ட்டில் 240 வாட் வரை அனுமதிக்கிறது. தொலைபேசி நிலையத்து எண் சார்ஜர் கம்பியில் திரும்பியிருக்கிறது.

பேட்டரி இல்லாத வீட்டில் டி.சி. ஒயரிங் செலவுக்கு ஈடாகாது. பேட்டரி உள்ள வீட்டில் அது இல்லாதது வீண். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கூரைத் தகடுகள் பெருகுகின்றன. ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைந்த தகடு, லைன் போனால் வெயில் கொளுத்தும்போதும் அணைந்துவிடும். அதே ஆண்டு தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம், 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகளைக் குறிவைக்கிறது. பசுமை வீட்டில் விட்டுப்போன மின்விசிறியையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்தச் சுவர்களில் 48 வோல்ட்டுக்கென ஒரு தனிக் குழாயை இப்போதே பதித்துவிட வேண்டும். பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைப்பதைவிட அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.