குகையும் கற்கருவியும்

இடக்கொச்சியில் காயலை அடுத்து வாழும் நமக்குக் காலடியில் கிடைப்பது மணலும் சேறுமே. ஆயினும், ஆதி மனிதன் குகையிலே வாழ்ந்தான் என்று பள்ளிப் பருவத்தில் படித்ததை நாம் மறக்கவில்லை. அஃது எவ்வளவு தூரம் உண்மை? நம் தாயகத்துக் குகையொன்றின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அண்மையில் உள்ளது குடியம் என்னும் சிற்றூர். அதனை அடுத்த மலையில் இயற்கையாய் அமைந்த பாறைக் குடைவுகள் இருக்கின்றன. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞரே இக்குகைகளையும் கண்டறிந்தார். 1962-64 ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த கே. டி. பானர்ஜி இங்கே அகழ்ந்தார். கைக்கோடரிக் காலம் முதல் நுண்கற்கருவிக் காலம் வரையிலான கருவிகள் வெளிப்பட்டன.

கருவி கிடைத்ததனாலேயே மக்கள் அங்குக் குடியிருந்தனர் என்று முடிவு செய்துவிடலாமா? நெடுநாள் வாழ்ந்த இடத்தில் கல்லுடைத்த சில்லுகள் குவிந்திருக்கும். அடுப்புச் சாம்பல் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும். இலங்கையில் பாகியன் குகை அத்தகையது. ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் சிறு படிகக்கற் கருவிகளையும், தாங்கள் வேட்டையாடித் தின்ற குரங்கு, அணில் ஆகியவற்றின் எலும்புகளையும் விட்டுச் சென்றனர். குடியத்திலோ கருவிகள் சிலவே. நீண்ட வாழ்க்கைக்குரிய மற்ற அடையாளங்கள் கிடைக்கவில்லை. எலும்பு மட்கிப் போயிருக்கலாம்; கல் மட்குவதில்லையே! ஆகவே, மக்கள் இங்கே சிறிது காலம் ஒதுங்கிச் சென்றனர் என்றே ஆராய்ச்சியாளர் கருதினர்.

அப்படியாயின் அவர்கள் வாழ்ந்தது எங்கே? அண்மையிலுள்ள அத்திரம்பாக்கம் விடை தருகிறது. கொசத்தலையாற்றுப் பகுதியில், திறந்த வெளியில், ஆயிரக்கணக்கான கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டனர். நீரும், வேட்டையும், கருவிக்கேற்ற கல்லும் கிடைத்த ஆற்றோரமே அவர்கள் பெரிதும் நடமாடிய இடம், மலைக்குகை வழித்தங்கலே.

இவ்வளவையும் அறிவித்தது கல் மட்டுமன்று. அது கிடந்த இடமும், ஆழமும், உடன் கிடந்த பொருள்களுமே. இடம் பெயர்த்தெடுத்த கல் தன் வரலாற்றை இழந்துவிடும். விடுமுறையில் ஊர் செல்லும் நேயர்கள் பூண்டி அகழ்வைப்பகத்தில் இப்பகுதிக் கருவிகளைக் கண்டு மகிழலாம். குடியம் சென்றாலோ, காலில் இடறும் கல்லையும் கிடந்த இடத்திலேயே விட்டு வருவோமாக.